நாளைக்குத் தண்ணீர் இல்லை!
பண்டித ரமாபாயின் விசுவாச வாழ்க்கை

மும்பையில் ரெயில் ஏறி, புனா வழியாகச் சொந்த ஊருக்குப் போகும் தமிழர்கள் பலர் அந்த இடத்தைக் கடந்துதான் போகிறார்கள். ஆனால் பார்த்தவர்கள் குறைவு.

புனாவை விட்டு வண்டி கிளம்பிச் சுமார் 55 கிலோ மீட்டர். டவுண்ட் சந்திப்பு வருவதற்குள் கேட்காவ் என்று ஒரு சிறிய நிலையம். பெரிய வண்டிகள் பல அங்கே நிற்பதில்லை. பெயர்ப் பலகையைப் படித்து முடிப்பதற்குள் நிலையம் பின்னால் போய்விடும்.

அந்த ஊரில் 'முக்தி' என்று ஓர் இல்லம் இருக்கிறது. ஆதரவற்ற பெண்களுக்கும் குழந்தைகளுக்கும் ஆனது. நூறு ஆண்டுகளுக்கும் மேலாக நடந்து வருகிறது. அதை உண்டாக்கியவர் பண்டித ரமாபாய் அம்மையார். 1922-ம் ஆண்டு ஏப்ரல் 5-ந் தேதி அவர் அங்கேயே காலமானார்.

அவரைப் பற்றிச் சமூக சீர்திருத்த நூல்களில் நிறைய உண்டு. பெண் கல்விக்குப் பாடுபட்டவர் என்றும், விதவைகளுக்கு வீடு கொடுத்தவர் என்றும் பள்ளிப் பாடங்களில் வரும். 1989-ல் இந்திய அரசு அவர் உருவத்துடன் தபால் தலை வெளியிட்டது. இவை எல்லாம் சரிதான். ஆனால் அவரே தம் வாழ்க்கையை எழுதியபோது அதை ஒரு சாட்சியாகவே எழுதினார். கஷ்டத்தில் கடவுளை நம்பியதும், சொன்ன வழியில் நடந்ததும்தான் அதில் முக்கியம். அந்தக் கதையே இங்கே சொல்லப்படுகிறது.

காட்டில் பதினொரு நாள்

ரமாபாய் 1858-ம் ஆண்டு, மேற்குத் தொடர்ச்சி மலையில் கங்காமூலா என்ற காட்டுப் பகுதியில் பிறந்தார். தந்தை அனந்த சாஸ்திரி டோங்ரே பெரிய சமஸ்கிருத பண்டிதர். பெண்ணுக்குச் சமஸ்கிருதம் கூடாது என்றிருந்த காலத்தில் தம் மனைவி லட்சுமிபாய்க்கு அதைக் கற்றுக்கொடுத்தார். அதற்காக ஊராரின் பகையைச் சம்பாதித்துக்கொண்டு காட்டில் போய்க் குடியிருந்தவர் அவர். தாய் மகளுக்குச் சொல்லிக் கொடுத்தார். பாகவதத்தின் 18,000 சுலோகங்கள் மகளுக்கு மனப்பாடம்.

கையிருப்பு கரைந்த பிறகு குடும்பம் புறப்பட்டது. ஊர் ஊராக, கோவில் கோவிலாக நடை. புராணம் படிப்பார்கள், கேட்பவர்கள் கொடுத்ததைக் கொண்டு சாப்பிடுவார்கள்.

பிறகு பஞ்சம் வந்தது. நம் பாட்டன் பூட்டன்மார் 'தாது வருஷப் பஞ்சம்' என்று சொன்னார்களே, அது 1876-77. அதற்கும் இரண்டு ஆண்டு முன்பே, 1874-ல், சென்னை மாகாணத்தில் சுற்றிக்கொண்டிருந்த இந்தக் குடும்பத்தைப் பசி பிடித்துக்கொண்டது. பாத்திரம் விற்றார்கள். நல்ல துணிகளை விற்றார்கள். கடைசி அரிசியும் தீர்ந்தது.

திருப்பதி அருகே காட்டுக்குள் போனார்கள். சாகத்தான் போனார்கள். பதினொரு நாள், இரவு பகலாக, தண்ணீரும் இலையும் காட்டுப் பழமும்தான் ஆகாரம். தந்தைக்கு அப்போதே கண் பார்வை போய்விட்டது. அந்த நிலையில் கடைசிக் குழந்தையான ரமாபாயை அணைத்துக்கொண்டு, உன்னைக் கடவுளிடம் ஒப்படைத்துவிட்டேன், நேர்மையாக நட, அவரையே சேவி என்ற பொருளில் சொன்னார். சில நாளில் இறந்தார்.

அடுத்த சில வாரங்களில் தாயும் போனார். தாய்க்காக ஒரு வீட்டு வாசலில் போய் நின்ற ரமாபாய்க்கு, ஒரு துண்டு ரொட்டி கேட்க வாய் வரவில்லை. வெட்கம். அழுகைதான் வந்தது. அந்த வீட்டம்மாள் புரிந்துகொண்டு கம்பு ரொட்டி கொடுத்தாள். அதைத் தின்னத் தாய்க்குத் தெம்பு இல்லை. பிறகு அக்காவும் மறைந்தாள்.

ரமாபாய்க்கு அப்போது வயது 16.

இங்கே ஒன்றைக் கவனிக்க வேண்டும். வேத சாஸ்திரம் அத்தனையும் தெரிந்த குடும்பம் அது. ஆனால் கையால் செய்யும் தொழில் ஒன்று கூடத் தெரியாது. கூலி வேலை கேட்கவும் கவுரவம் இடம் கொடுக்கவில்லை. இதை ரமாபாய் பின்னாளில் ஒளிக்காமல் எழுதியிருக்கிறார். பிற்காலத்தில் முக்தியில் வந்து சேர்ந்த ஒவ்வொரு பெண்ணுக்கும் படிப்போடு ஒரு கைத்தொழிலும் கட்டாயம் என்று அவர் வைத்ததற்கு வேறு காரணம் தேட வேண்டாம்.

மிஞ்சியது அண்ணன் சீனிவாசன் ஒருவன். அண்ணனும் தங்கையும் காஷ்மீர் வரை, பிறகு வங்காளம் வரை நடந்தார்கள். மொத்தம் 4,000 மைலுக்கு மேல் நடந்ததாகக் கணக்கு. வடக்கே குளிர் காலத்தில் போர்வை கிடையாது. ஆற்றங்கரையில் குழி தோண்டி, உள்ளே படுத்து, உலர்ந்த மணலை மேலே இழுத்து மூடிக்கொண்டு தூங்கியிருக்கிறார்கள்.

ஒன்று கிடைத்தால் ஒன்று போயிற்று

1878-ல் கல்கத்தாவில் பண்டிதர்கள் கூடி ரமாபாயைச் சோதித்தார்கள். அசந்து போனார்கள். 'பண்டிதை', 'சரஸ்வதி' என்று பட்டங்கள் கொடுத்தார்கள். நேற்று வரை பட்டினி. இன்று பத்திரிகைகளில் பெயர்!

1880-ல் அண்ணன் இறந்தான். அதே ஆண்டில் வங்காள வக்கீல் ஒருவரை, சாதி வேற்றுமை பாராமல், பதிவுத் திருமணம் செய்துகொண்டார். 1881-ல் மகள் மனோரமா பிறந்தாள். 1882 பிப்ரவரியில் கணவர் காலரா கண்டு இறந்தார். திருமண வாழ்வு இரண்டு ஆண்டு கூட இல்லை.

கைக்குழந்தையோடு புனா வந்தார். பெண்களுக்காகச் சங்கம் அமைத்தார். கல்விக் கமிஷன் முன் சாட்சி சொன்னார். 1883-ல் இங்கிலாந்து போனார். அங்கே வாண்டேஜ் என்ற ஊரில், கன்னியர் மடம் ஒன்றின் ஆதரவில் தங்கிப் படித்தார். அதே ஆண்டு செப்டம்பர் 29-ந் தேதி தாயும் மகளும் ஞானஸ்நானம் பெற்றார்கள்.

புனாவில் பெரிய கூச்சல் எழுந்தது. போற்றியவர்களே தூற்றினார்கள்.

கீழ்ப்படிவது யாருக்கு?

கிறிஸ்தவராகி விட்டார்; இனி சொன்னதைக் கேட்பார் என்று இங்கிலாந்தில் சிலர் நினைத்தார்கள். அது நடக்கவில்லை.

ரமாபாய் கடைசி வரை மரக்கறி உணவுதான் சாப்பிட்டார். ஒவ்வொரு கொள்கையையும் வேதாகமத்தில் ஒப்பிட்டுப் பார்த்துக் கேள்வி கேட்டார். அவர் எங்கே பாடம் நடத்தலாம், யாருக்கு நடத்தலாம் என்று பிஷப்புகள் தடை போட முற்பட்டபோது, என் மனசாட்சியை எந்த மனிதனிடமும் ஒப்படைக்க மாட்டேன் என்ற கருத்தில் கடிதம் எழுதினார். அவரை மகளாகப் பாவித்த கன்னிகாஸ்திரீக்கு அது வருத்தம். அகங்காரம் என்றுகூட எண்ணினார். அந்தக் கடிதங்கள் பின்னர் அச்சாகி, இன்றும் படிக்கக் கிடைக்கின்றன.

கீழ்ப்படிதல் என்றால் மேலே இருப்பவர் சொல்வதற்கெல்லாம் தலையாட்டுவது என்று நினைப்பவர்கள் அந்தக் கடிதங்களைப் படித்தால் குழம்பிப் போவார்கள். கடவுளுக்குக் கீழ்ப்படிய வேண்டும் என்பதாலேயே சில மனிதருக்குக் கீழ்ப்படிய முடியாமல் போகிறது. கடையில் கள்ளக் கணக்கு எழுதச் சொல்லும் முதலாளியிடம் வேலை பார்க்கும் குமாஸ்தாவுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. மாதச் சம்பளம் ஒரு பக்கம், ஊரில் காத்திருக்கும் குடும்பம் ஒரு பக்கம், மனசாட்சி ஒரு பக்கம். ரமாபாய் நின்ற இடமும் கிட்டத்தட்ட அதுதான். அவர் கைச்செலவுக்குக் கூட அந்த மடத்தையே நம்பியிருந்த காலம் அது.

1886-ல் அமெரிக்கா போனார். உயர்சாதி இந்துப் பெண்களின் நிலையைப் பற்றி ஆங்கிலத்தில் புத்தகம் எழுதினார். பாஸ்டனில் அவர் பேரால் ஒரு சங்கம் அமைந்தது. பத்து ஆண்டுகளுக்குப் பணம் தருவதாக ஒப்புக்கொண்டது. 1889 மார்ச் 11-ந் தேதி பம்பாயில் 'சாரதா சதன்' திறக்கப்பட்டது. விதவைப் பெண்கள் தங்கிப் படிக்கும் இடம். மறு ஆண்டு புனாவுக்கு மாறியது. அங்கே முதலில் சேர்ந்த விதவைப் பெண் கோதுபாய். 1893-ல் அவரை மணந்தவர் தோண்டோ கேசவ கார்வே. பிற்காலத்தில் பெண்கள் பல்கலைக் கழகம் கண்டு, 1958-ல் பாரத ரத்னா பெற்ற அதே கார்வேதான்.

சாரதா சதனில் மதம் போதிப்பதில்லை என்பது நிபந்தனை. ரமாபாய் போதிக்கவில்லை. ஆனால் தம் அறையில் ஜெபம் செய்யும்போது கதவைச் சாத்தவும் மாட்டார். சில பெண்கள் வந்து உட்கார்ந்தார்கள். 1893-ல் அது பெரிய சண்டையாக வெடித்தது. திலகரின் 'கேசரி' கடுமையாக எழுதியது. ஆலோசனைக் குழுவில் இருந்த ரானடே, பண்டார்கர் போன்ற பெரியவர்கள் விலகினார்கள். இருபதுக்கும் மேற்பட்ட பெண்களை வீட்டார் அழைத்துப் போய்விட்டார்கள்.

எதிர்த்தவர்கள் பக்கம் நியாயமே இல்லை என்று சொல்லிவிட முடியாது. பெண்ணை நம்பி அனுப்பிய பெற்றோருக்குப் பயம் வந்தது இயற்கை. கதவைச் சாத்தியிருந்தால் சண்டை வந்திருக்காதே என்று கேட்கலாம். தம் வீட்டில், தம் கடவுளிடம் பேசுவதற்குக் கதவைச் சாத்த வேண்டியதில்லை என்பது ரமாபாயின் பதில்.

கேட்டது ஒன்று, வந்தது ஒன்று

1896-ல் லோனாவளாவில் கிறிஸ்தவர்களின் ஜெபக் கூட்டம் ஒன்று நடந்தது. ரமாபாய் தம் பெண்கள் சிலரோடு போயிருந்தார். அதுவரை தம்மிடம் வந்து கிறிஸ்துவை ஏற்றுக்கொண்ட பெண்கள் 15 பேர். அதிகாலையில் தனியாகப் போய் ஜெபித்தபோது, இந்த 15-ஐ 15-ஆல் பெருக்கித் தாரும் என்று கேட்டாராம். அதாவது 225 பிள்ளைகள்.

சாரதா சதனில் ஐம்பது பேர் சுமாருக்குத்தான் பணம் வந்துகொண்டிருந்தது.

அந்த ஆண்டே மத்திய மாகாணத்தில் மழை பொய்த்தது. பஞ்சம். பத்திரிகையில் செய்தி படித்தபோது ரமாபாய்க்குத் திருப்பதிக் காடு நினைவுக்கு வந்திருக்க வேண்டும். உடனே போய்விடவில்லை. பணம் இல்லையே, இடம் இல்லையே என்று தயங்கியதை அவரே எழுதியிருக்கிறார். பிறகு போனார்.

அங்கே கண்டது பஞ்சத்தை விடக் கொடியது. கஞ்சித் தொட்டி முகாம்களில் இளம் பெண்களைக் காவலாட்களே கெடுத்துக்கொண்டிருந்தார்கள். சிறுமிகளைக் கயவர்கள் விலைக்கு வாங்கிப் போனார்கள். இனி யோசிக்க நேரம் இல்லை. எலும்பும் தோலுமாக, புண்ணும் பேனுமாக, கூட்டம் கூட்டமாகப் பிள்ளைகளை ரெயிலில் ஏற்றிக் கொண்டுவந்தார். மொத்தம் சுமார் 300 பேர்.

கேட்டது 225. வந்தது 300. ஆனால் கேட்டவர் மனதில் வைத்திருந்தது பாடம் படிக்கிற பிள்ளைகளை. வந்தவர்கள் தட்டில் போட்ட சோற்றைத் திருடி ஒளித்துவைத்தார்கள். ஒருவரை ஒருவர் கடித்தார்கள். குளிக்க மறுத்தார்கள். பசியில் வளர்ந்த பிள்ளைகள் அப்படித்தான் இருக்கும். பலர் பிழைக்கவும் இல்லை. ஜெபத்துக்குப் பதில் கிடைத்தது என்று ஒரு வரியில் சொல்லிவிடலாம். அந்தப் பதிலைக் கழுவி, புண்ணுக்கு மருந்து போட்டு, இரவெல்லாம் கண் விழித்துக் காத்தவர்களுக்குத்தான் அதன் விலை தெரியும்.

அப்போது பம்பாயையும் புனாவையும் பிளேக் பிடித்திருந்தது. புதிதாக வந்தவர்களை நகருக்குள் வைத்திருக்கக் கூடாது என்று அதிகாரிகள் உத்தரவு போட்டார்கள். 300 பிள்ளைகளை எங்கே கொண்டு போவது?

கேட்காவில் நிலம் இருந்தது. சுமார் 100 ஏக்கர். சில ஆண்டுகளுக்கு முன்பே வாங்கிப் போட்டது. அமெரிக்கச் சங்கம் பத்து ஆண்டுதான் பணம் தரும். அதன் பிறகு என்ன செய்வது என்று யோசித்து, ஆரஞ்சு, எலுமிச்சை, மா என்று கன்று வைத்திருந்தார். கடவுளை நம்புகிறவர் நாளையைப் பற்றி நினைக்கவே கூடாது என்று சொல்பவர்கள் உண்டு. ரமாபாய் அப்படி நினைக்கவில்லை. மரமும் வைத்தார், ஜெபமும் செய்தார். அந்த மரங்களின் அடியில்தான், கூடாரம் அடித்து, 300 பேரையும் குடியேற்றினார். அதுதான் முக்தி.

பிளேக் உத்தரவுகளுக்குப் பணிந்த அதே ரமாபாய், 1897-ல் 'பாம்பே கார்டியன்' பத்திரிகையில் அரசாங்கத்தைக் கண்டித்துக் கடிதம் எழுதினார். தம் பெண் ஒருத்தியைப் பிளேக் முகாமுக்குக் கொண்டு போன அதிகாரிகள் அவளைப் பாதுகாக்கவில்லை. அவள் கெட்டுச் சீரழிந்தாள் என்று பகிரங்கமாகச் சொன்னார். வெள்ளைக்கார கவர்னர் மறுத்தார். ரமாபாய் வார்த்தையைத் திரும்பப் பெறவில்லை.

கடவுள் பார்த்துக்கொள்வார் என்று வாய் மூடி இருக்கவில்லை என்பதைக் கவனிக்க வேண்டும்.

கிணறு

1898-ல் அமெரிக்கச் சங்கத்தின் பத்து ஆண்டு முடிந்தது. ரமாபாய் அங்கே போய்க் கணக்கு ஒப்படைத்துத் திரும்பினார். சாரதா சதனுக்குத் தொடர்ந்து உதவ ஏற்பாடு நடந்தது. ஆனால் முக்திக்கு நிரந்தர வருமானம் கிடையாது. ஆளாளிடம் போய்க் கையேந்துவதில்லை, தேவையைக் கடவுளிடம் சொல்வது என்று முடிவு செய்தார். 'முக்தி ஜெப மணி' என்ற பொருளில் பெயர் வைத்த சிறு பத்திரிகையை ஆங்கிலத்தில் நடத்தினார். அதில் செய்தி போடுவார். படித்தவர்கள் அனுப்பினார்கள். சில நாள் வந்தது. சில நாள் வரவில்லை.

1900-ல் குஜராத்தில் பஞ்சம். மறுபடியும் ஆள் அனுப்பினார். ஆயிரத்துக்கு மேல் வந்து சேர்ந்தார்கள். முக்தியின் ஜனத்தொகை சுமார் 1,900!

கேட்காவ் பக்கமும் மழை இல்லை. கிணறு இரண்டுதான்.

1,900 பேருக்கு, ஆளுக்கு நான்கு வாளி என்று வைத்தாலே நாள் ஒன்றுக்கு 7,600 வாளி. மாடுகள் நூற்றுக்கு மேல். கட்டடம் எழும்பிக்கொண்டிருந்தது, அதற்கும் தண்ணீர் வேண்டும். சாயங்காலம் ஆனால் இரண்டு கிணற்றிலும் தரை தெரியும். நாளைக்கு என்ன செய்வது என்று எல்லோரும் எட்டிப் பார்ப்பார்களாம். விடிந்தால் ஊற்று ஊறியிருக்கும். அன்றைக்கு வேண்டியது கிடைக்கும். சாயங்காலம் மறுபடி தரை தெரியும்.

ரமாபாயே இதை எழுதியிருக்கிறார். கிணறு நிரம்பி வழிந்தது என்று அவர் எழுதவில்லை. ஒரு நாளைக்கு வேண்டியது மட்டும் வந்தது என்றுதான் எழுதினார். வனாந்தரத்தில் இஸ்ரவேலர் மன்னா பொறுக்கிய கதை அப்படித்தான். மறுநாளைக்குச் சேர்த்து வைத்தது புழுத்துப் போனது. சாறிபாத் ஊர் விதவையின் பானையில் மாவு தீரவில்லை என்று வேதாகமம் சொல்கிறது. ஆனால் அந்தப் பானை ஒரு நாளாவது நிறைந்திருந்ததாகச் சொல்லவில்லை.

நீர் ஊற்று இரவில் ஊறுவது இயற்கைதானே, இதில் என்ன அதிசயம் என்று கேட்பவர்களும் இருக்கலாம். கேட்கட்டும். தினமும் இரவில் காலிக் கிணற்றைப் பார்த்துவிட்டு, நாளைக்குப் புதிதாக ஒரு பிள்ளை வந்து வாசலில் நின்றால் சேர்த்துக்கொள்வோம் என்று படுக்கப் போவதுதான் இதில் கஷ்டமான பகுதி. அதை ரமாபாய் மாதக்கணக்கில் செய்தார்.

1982 ஜனவரியில் பம்பாய் மில் வேலைநிறுத்தம் தொடங்கியபோது, அடுத்த வாரம் முடிந்துவிடும், அடுத்த மாதம் முடிந்துவிடும் என்று காத்திருந்த குடும்பங்கள் இதைப் புரிந்துகொள்ளும். ஒரு பெரிய இடி வந்தால் தாங்கிக்கொள்ளலாம். ஒவ்வொரு நாளும் அரிசிப் பானையை எட்டிப் பார்ப்பதுதான் மனிதனை அரித்துவிடும். முக்தியில் அந்த நாட்களில் என்ன நடந்தது? மணி அடித்தது. ஜெபம் நடந்தது. பிறகு எல்லோரும் வேலைக்குப் போனார்கள். தறி ஓடியது. எண்ணெய் ஆட்டினார்கள். மாடு கறந்தார்கள். தையல், சலவை, அச்சு வேலை என்று ஆளுக்கு ஒன்று. கண் தெரியாத பெண்களுக்குத் தனி விடுதி. மனோரமா அவர்களுக்குப் புள்ளி எழுத்துப் படிப்புக் கற்றுக்கொடுத்தாள். முறுக்கப் பட்ட நாரில் கூடை, பாய் செய்யப் பழகினார்கள். கெட்டுப் போனவள் என்று ஊர் தள்ளிய பெண்ணுக்கும் ஒரு வீடு இருந்தது. கிழவிகளுக்கு ஒன்று இருந்தது.

1905-ல் முக்தியில் பெரிய எழுப்புதல் உண்டானது. பெண்கள் இரவும் பகலும் ஜெபித்தார்கள். உலகத்தின் பல பகுதிகளில் அதைப் பற்றி எழுதினார்கள். இன்றும் பெந்தெகொஸ்தே சபைகளின் வரலாறு எழுதுகிறவர்கள் கேட்காவைக் குறிப்பிடுவது உண்டு. அந்த நாட்களிலும் சமையல் நிற்கவில்லை.

மகள்

மனோரமா இங்கிலாந்திலும் அமெரிக்காவிலும் படித்தவள். தாயின் வலக்கை. சாரதா சதன் பள்ளியை நடத்தினாள். ரெயில் பாதையில் இன்னும் தெற்கே, குல்பர்காவில், பெண்களுக்குப் பள்ளி அமைத்தாள். ரமாபாய்க்குக் காது கேட்காமல் போன பிறகு, வருவோர் போவோரிடம் பேசியதெல்லாம் அவள்தான். தமக்குப் பின் முக்தியை அவள் நடத்துவாள் என்று ரமாபாய் முடிவு செய்திருந்தார்.

1921 ஜூலையில் மனோரமா இறந்தாள். வயது 40.

ஆயிரக்கணக்கான பிள்ளைகள் பிழைக்க ஜெபித்தவர், தம் வயிற்றில் பிறந்த ஒரே பிள்ளைக்காக ஜெபிக்காமலா இருந்திருப்பார்? கிணற்றில் தண்ணீர் ஊறியது. மகள் பிழைக்கவில்லை. இரண்டையும் ஒரே மனம் ஏற்றுக்கொண்டது. இதற்கு விளக்கம் சொல்லி ரமாபாய் எதுவும் எழுதவில்லை. எழுதியிருந்தாலும் அது தாய்க்குப் போதுமான விளக்கமாக இருந்திருக்காது.

தந்தை, தாய், அக்கா, அண்ணன், கணவர், மகள். திருப்பதிக் காட்டில் தொடங்கிய கணக்கு அது. அப்போது அவருக்கு 63 வயது. உடம்பு தளர்ந்து, மூச்சு வாங்கியது. மேசையில் பாதி முடிந்த வேலை ஒன்று இருந்தது.

கடைசி வேலை

முக்திக்கு வந்த கிராமத்துப் பெண்களுக்கு அப்போதிருந்த மராத்தி வேதாகமம் சரியாகப் புரியவில்லை. பண்டிதர் நடை. ஆகவே எளிய மராத்தியில் தாமே மொழிபெயர்ப்பது என்று ரமாபாய் தீர்மானித்தார். மூல மொழிகள் தெரிய வேண்டுமே! நாற்பது வயதுக்கு மேல் எபிரேயமும் கிரேக்கமும் படித்தார். சமஸ்கிருத பண்டிதைக்கே உரிய பிடிவாதம். பதினைந்து ஆண்டுகளுக்கு மேல் அந்த வேலை நடந்தது. கணக்கு வழக்கு, பிள்ளைகளின் நோய், பணமுடை, அடுப்பு விசாரணை எல்லாம் முடிந்த பிறகு கிடைத்த நேரத்தில்தான்.

மகள் இறந்த பிறகும் அதை விடவில்லை. கடைசிப் பக்கங்களின் புரூப் திருத்தப் பத்து நாள் மட்டும் ஆயுள் தாரும் என்று கேட்டதாகவும், திருத்தி முடித்த பிறகே கண் மூடியதாகவும் முக்தியில் சொல்வார்கள். 1922 ஏப்ரல் 5-ந் தேதி தூக்கத்திலேயே உயிர் பிரிந்தது. இன்னும் சில நாள் இருந்திருந்தால் 64 நிறைந்திருக்கும்.

அவர் மொழிபெயர்ப்பு மராத்தித் திருச்சபைகளில் பரவலாக வழக்கத்துக்கு வரவில்லை. மூலத்தைச் சொல்லுக்குச் சொல் பின்பற்றியதால் நடை கரடு முரடாக இருக்கிறது என்றார்கள். உண்மையாகவும் இருக்கலாம். அவர் அதைச் சபைகளுக்காக எழுதவில்லை. கூடையோடும் குழந்தையோடும் உட்கார்ந்து எழுத்துக் கூட்டிப் படித்த பெண்களுக்காக எழுதினார்.

முழு வேதாகமம் 1924-ல் வெளிவந்தது. முக்தியின் அச்சகத்திலேயே அச்சானது. எழுத்துக் கோத்தவர்களும், அச்சடித்தவர்களும், தாள் மடித்துத் தைத்தவர்களும் அங்கே வளர்ந்த பெண்கள்தான்.